இளந்தளிர் விருதும் குளிக்கிற துண்டும்

மனித குலம் குழந்தைகளுக்காக இதுவரை கண்டுபிடித்தவற்றில் மகத்தானவை மூன்று: தொட்டில், தடுப்பூசி, 'இளந்தளிர் விருது'. முதல் இரண்டையும் கண்டுபிடித்தவர் யார் என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் தென்காசியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் திரு. நாறும்பூநாதன் அவர்கள்தான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அவருக்கு அறவே இல்லை.

அவர் தலைவராக இருக்கும் 'தென்பொதிகை இளந்தளிர் இலக்கியப் பேரவை' ஆண்டுதோறும் சாரல் காலத்தில் குற்றாலத்தில் கூடி, சிறந்த சிறுவர் நூலுக்கும் சிறந்த இளையோர் நூலுக்கும் விருது வழங்கும். பேரவையில் உறுப்பினராவதற்குக் குறைந்தபட்சத் தகுதி ஓய்வூதியம். பிள்ளைகளின் மனத்தை அறிய வேண்டுமென்றால் பிள்ளைப் பருவத்திலிருந்து போதிய தொலைவு வந்திருக்க வேண்டும் என்பது தலைவரின் கொள்கை. பக்கத்திலிருந்து பார்த்தால் எதுவும் சரியாகத் தெரியாதாம். சாளேசுரம் வந்தவர்கள் சொல்வதை மறுக்க முடியாது.

இந்த உயர்ந்த சபைக்குள் பல் டாக்டர் விஜயசங்கர் நுழைந்தது, ஒரு பல்செட்டின் வழியாக.

தலைவர் புதுப் பல்செட்டுக்கு அளவு கொடுக்க டாக்டரின் கிளினிக்குக்கு வந்திருந்தார். வாய் நிறைய அச்சு மாவோடு உட்கார்ந்திருந்தவர், உள்ளே ஒரு குழந்தை அழுததையும், டாக்டர் அதோடு ஏதோ பேசியதையும் கவனித்தார். மாவை எடுத்ததும் முதல் வார்த்தையாக, "டாக்டர், நம்ம விருதுக்கு இந்த வருஷம் நீங்கதான் நடுவர்" என்றார்.

"அண்ணாச்சி, எனக்கும் இலக்கியத்துக்கும்..."

"நீங்க தெனமும் பிள்ளைங்கக்கூடப் பேசுதீயல்லா?"

"நான் பேசுவேன். அதுக அழும்."

"அது போதும்" என்றார் தலைவர். "எங்க பேரவையிலயும் அப்படித்தான்."

டாக்டர் மறுக்கவில்லை. மறுக்க மனம் வரவில்லை என்பதுதான் சரி. பல் டாக்டர்களுக்கு ஒரு ரகசியத் துயரம் உண்டு. ஊரில் எல்லாரும் அவர்களைப் பார்த்து வாயைத் திறப்பார்கள். ஆனால் ஒருவரும் வாயாரப் புகழ்ந்ததில்லை. அன்று மதியமே பெயர்ப்பலகை எழுதுகிறவரைக் கூப்பிட்டு, தன் பட்டத்துக்குக் கீழே 'இலக்கிய நடுவர்' என்று சேர்க்க இடமிருக்கிறதா என்று விசாரித்தார்.

மனைவி யோகலட்சுமி கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவள். எதையும் கையெழுத்தைச் சரிபார்க்கிற கண்ணோடு பார்ப்பாள். "நீங்க கடைசியா என்ன கதப்புத்தகம் படிச்சீய?" என்று கேட்டாள்.

டாக்டர் யோசித்தார். "எட்டாங்கிளாஸ்ல துணைப்பாடம்."

"அப்போ தகுதி இருக்கு" என்றாள். "மத்தவங்க அதுவும் படிச்சிருக்க மாட்டாங்க."

போட்டிக்கு வந்த நூல்கள் எலுமிச்சை மூட்டையில் வந்து இறங்கின. விருதின் புரவலர் சுந்தரபாண்டியன் புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார்; சாக்குக்குப் பஞ்சமில்லை. வீட்டில் வைக்க இடமில்லாததால் டாக்டர் எல்லாவற்றையும் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கிற அறையில் அடுக்கினார். இலக்கிய வரலாற்றில் இவ்வளவு அஜாக்கிரதையான காரியத்தை வேறு எந்த நடுவரும் செய்ததில்லை. அந்த அறைக்குத்தான் குழந்தைகள் வருவார்கள்.

வந்தார்கள். எடுத்தார்கள். புரட்டினார்கள். பெரும்பாலான நூல்களை மரியாதையோடு மூடி வைத்தார்கள். ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் மந்திரமூர்த்தி எழுதிய 'சிறுவர்களே, நேராக உட்காருங்கள்!' என்ற கெட்டி அட்டை நூலை மட்டும் கீழே போட்டு, அதன்மேல் ஏறி நின்று மீன்தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். டாக்டரும் அந்த நூலைப் படித்துப் பார்த்தார். முதல் அத்தியாயத்தில் ஒரு சிறுவன் மாங்காய் திருடினான். இரண்டாவதில் லாக்கப்பில் இருந்தான். மீதி அத்தியாயங்கள் முழுக்கத் திருந்திக்கொண்டே இருந்தான்.

ஒரே ஒரு புத்தகம் மட்டும் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோனது. 'அருவிக்கு இன்னைக்கு லீவு'. எழுதியவர் ஜெஸி; செங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்; இது முதல் புத்தகம். கதையில் குற்றாலத்தில் பிறந்து வளர்ந்த பேச்சி என்ற சிறுமி இருக்கிறாள். ஊரெல்லாம் வந்து குளிக்கிற அருவியில் தான் மட்டும் குளிக்க மாட்டேன் என்கிறாள். ஒருநாள் விளையாட்டாக 'அருவிக்கு இன்னைக்கு லீவு' என்று ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிடுகிறாள். அவ்வளவுதான். போலீஸ் வந்து கயிறு கட்டுகிறது. லாட்ஜ்காரர்கள் அழுகிறார்கள். ஓர் அதிகாரி வந்து லீவை முறைப்படி தொடங்கிவைக்கிறார். தண்ணீர் அதுபாட்டுக்கு விழுந்துகொண்டே இருக்கிறது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

குழல்வாய்மொழி என்ற ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஆடுகிற பல்லோடு வந்தவள், முறை வந்தும் எழுந்திருக்கவில்லை.

"ஏட்டி, டாக்டர் கூப்பிடுதாருல்லா!" என்று அவள் அம்மா அதட்டினாள்.

"இரும்மா. இப்பதான் கயிறு கட்டுதாங்க."

பல் பிடுங்கியபோது அவள் அழவில்லை. பஞ்சைக் கடித்துக்கொண்டே சிரித்தாள். அடுத்த வாரம் பல்லில் ஒரு குறையும் இல்லாமல் மறுபடி வந்தாள். கூடவே வாயில் ஒரு நோயும் இல்லாத இன்னும் சில பிள்ளைகள். கிளினிக்கில் சிரிப்புச் சத்தம் கேட்டது. டாக்டர் தொழில் செய்ய வந்த நாள் முதல் அங்கே அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது அவர் காரணமில்லாமல் விசிலடித்தார்.

யோகலட்சுமியும் அதை வாங்கிப் படித்தாள். சமையற்கட்டிலிருந்து அவள் தனியாகச் சிரிக்கிற சத்தம் வந்தது. "இதுக்குத்தான குடுக்கப் போறீய?" என்று கேட்டாள்.

"இதுக்குத்தான். வேற எதுக்கு?" என்றார் டாக்டர். அப்போது அவர் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார்.

நடுவர் குழு குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் கூடியது. தலைவர், புரவலர், டாக்டர் என்று மூன்று பேர். முதல் அமர்வு பரோட்டாவும் நாட்டுக்கோழியும். இரண்டாம் அமர்வில்தான் இலக்கியம்.

"டாக்டர், எத்தன புஸ்தகம் புரட்டுனீய?" என்று தலைவர் பல்செட்டைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

"எல்லாத்தையும் படிச்சிட்டேன் அண்ணாச்சி."

புரவலர் ஏப்பத்தைப் பாதியில் நிறுத்தினார்.

"எல்லாத்தையுமா?" தலைவரின் குரலில் கண்டிப்பைவிட வருத்தம்தான் அதிகம். "தப்புப் பண்ணிட்டீயளே. படிச்சா ஒண்ணு பிடிக்கும், ஒண்ணு பிடிக்காது. பாரபட்சம் வந்துரும்லா. நாங்க இத்தன வருஷமா நடுநிலையா இருக்கோம்னா சும்மாவா?"

டாக்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு ஜெஸியின் புத்தகத்தை எடுத்து வைத்தார். "பிள்ளைங்களுக்கு இதுதான் அண்ணாச்சி பிடிச்சிருக்கு. நானே பாத்தேன்."

தலைவர் அந்தக் கிழிந்த அட்டையை ஒரு நோயின் அறிகுறியாகப் பார்த்தார். "பிள்ளைங்களுக்குப் பிடிச்சா அது எப்படி டாக்டர் சிறுவர் இலக்கியமாகும்? பிள்ளைங்களுக்கு மிட்டாயுந்தான் பிடிக்கும். நீங்க என்ன சொல்லுதீய, திங்கச் சொல்லுதீயளா?"

தொழிலின் அடிமடியிலேயே கைவைத்தால் மனிதன் என்ன செய்வான்?

"இதுல நீதி என்ன?" தலைவர் தொடர்ந்தார்.

"நீதின்னு தனியா இல்ல. சிரிப்பு இருக்கு."

"சிரிப்புக்கு விருது குடுக்க நாம என்ன சர்க்கஸா நடத்துதோம்?"

"அதுல ஒரு எடத்துல அந்தப் பிள்ள, 'தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்கப்பா'ன்னு அப்பன்கிட்டயே சொல்லுதாளாம்" என்றார் புரவலர் கலக்கத்தோடு.

"நீங்க படிச்சீயளா அண்ணாச்சி?" டாக்டருக்கு ஆச்சரியம்.

"நான் எதுக்குப் படிக்கேன்? எம்பேத்தி படிச்சிட்டு நேத்து என்கிட்டயே சொல்லிட்டா."

இதைவிட வேறு சாட்சியம் தேவையில்லை என்று தலைவர் அறிவித்தார். புரவலரின் சம்பந்தியும், அந்த உறவு எவ்விதத்திலும் கருத்தில் கொள்ளப்படாதவருமான மந்திரமூர்த்தியின் நூல் முன்மொழியப்பட்டது. இளையோர் பிரிவில் மட்டும் ஒரு நுட்பமான விவாதம் நடந்தது. இளையோர் நூல் என்றால் இளையோர் படிப்பதா, இளையோர் எழுதியதா? இறுதியில், அண்மையில் தன் மகளுக்கு வளைகாப்பு நடத்தி முடித்த, ஒரு கட்சியின் இளைஞரணிப் பொறுப்பாளர் தொகுத்த மேடைப்பேச்சு நூலுக்கு அவ்விருது சென்றது. இளைஞரணியில் இருப்பவரை இளைஞரில்லை என்று சொல்ல இந்த நாட்டில் சட்டத்தில் இடமில்லை.

டாக்டர் பேனாவை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். தலைவர் அவர் தோளில் கைபோட்டார்.

"டாக்டர், நீங்க பல்லப் பத்திப் பாட்டெல்லாம் எழுதி கிளினிக்ல மாட்டிருக்கீயல்லா? 'காலையில் ஒருதரம் தேய்த்திடுவாய், கண்ணுறங்கும் முன்னும் தேய்த்திடுவாய்...' அடடா! அன்னைக்கு வாயில மாவு இருந்துது, பாராட்ட முடியல. அதத் தொகுத்து ஒரு நூலாக் கொண்டாந்தா அடுத்த வருஷம்..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டார். மந்திரமூர்த்தியின் நூலுக்குப் பரிந்துரை எழுதச் சொன்னார்கள். மனச்சாட்சிக்கு விரோதமில்லாத ஒரு வரியை யோசித்து யோசித்து எழுதினார்: 'இது பிள்ளைகளை உயர்த்தும் நூல். நானே நேரில் பார்த்தேன்.'

அன்று வீட்டுக்குப் போகும்போது அவர் விசிலடிக்கவில்லை.

விழா நாளன்று குற்றாலத்தில் சாரல் பிரமாதமாக இருந்தது. பேரருவியின் இரைச்சல் மண்டபத்துக்குள் நன்றாகவே கேட்டது. சிறுவர் விழாவில் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதற்காகப் பள்ளிகளிலிருந்து வேனில் பிள்ளைகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். இதில் ஒரு சிறு நிர்வாகப் பிசகு. 'நாளைக்குக் குற்றாலம் போறோம்' என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்கள். ஆகவே பிள்ளைகள் எல்லாரும் மாற்றுத் துணியும் துண்டும் கொண்டுவந்திருந்தார்கள். சிலர் தலையில் எண்ணெய் வேறு. மேடையில் பொன்னாடைகள் அடுக்கப்பட்டிருந்தன; கீழே மடியில் துண்டுகள். இரு தரப்பும் தத்தம் துணியோடு பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

தலைவர் உரையாற்றினார். "இன்றைய குழந்தைகள் வாசிப்பதே இல்லை!" என்று அவர் முழங்கியபோது, முன்வரிசைப் பெரியவர்கள் கைபேசியிலிருந்து தலையெடுத்துக் கைதட்டினார்கள். புரவலர் பேசினார். மந்திரமூர்த்தி ஏற்புரையில், மாங்காய் திருடிய சிறுவனுக்கு நேர்ந்ததை விளக்கி, அரங்கிலிருந்த ஒவ்வொரு சிறுவனையும் அவனாகவே பாவித்து உற்றுப் பார்த்தார்.

அப்போது பிள்ளைகளின் நடுவிலிருந்து 'கிக்' என்று ஒரு சிரிப்பு.

ஓர் ஆசிரியர் பாய்ந்து போனார். குழல்வாய்மொழி துண்டுக்கடியில், கிளினிக்கிலிருந்து இரவல் வாங்கிய அட்டை கிழிந்த புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அதற்குள் தலையை விட்டிருந்தார்கள்.

"சிறுவர் புஸ்தக விழா நடந்துக்கிட்டிருக்கு, புஸ்தகமா படிக்க?" என்று ஆசிரியர் அதைப் பிடுங்கினார். சாட்சிப் பொருள் கைமாறிக் கைமாறி மேடைக்கு வந்து சேர்ந்தது. மேடையில் டாக்டர் அதைப் பார்த்தார். நாற்காலியில் லேசாகச் சரிந்து, முன்னாலிருந்த பூச்செண்டுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார். ஓரமாக ஒரு நாற்காலியில் அழைப்பிதழோடு ஜெஸி உட்கார்ந்திருந்தாள். போட்டியில் தோற்றவர்களும் வந்து கைதட்ட வேண்டும் என்பது பேரவையின் பெருந்தன்மை.

தலைவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தலைவர்களுக்கு யோசனை தோன்றுவதை யாராலும் தடுக்க முடியாது. "இங்கன வாம்மா" என்று சிறுமியை மேடைக்குக் கூப்பிட்டார். "அப்படி என்னதான் இருக்குன்னு எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டு. எல்லாரும் கேக்கட்டும்." அவமானப்படுத்துவதுதான் நோக்கம். நல்ல நோக்கம்தான், பிள்ளைகளுக்காகச் செய்வது.

குழல்வாய்மொழி மைக்கைப் பிடித்தாள். பல் போன இடத்தில் காற்று கொஞ்சம் விசிலடித்தாலும் குரல் கணீரென்றிருந்தது. போலீஸ் கயிறு கட்டியது. லாட்ஜ்காரர்கள் அழுதார்கள். அதிகாரி வந்து, விழுந்துகொண்டிருக்கும் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, 'அருவி விடுமுறையை' ரிப்பன் வெட்டித் தொடங்கிவைத்தார். அந்த இடத்தில் மண்டபமே சிரித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், புத்தகத்தைப் பிடுங்கிய ஆசிரியர் சிரித்தார், வேன் டிரைவர்கள் வாசலில் வந்து நின்று சிரித்தார்கள். ஜெஸி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

"போதும், போதும்" என்றார் தலைவர்.

"மிச்சத்தையும் படிட்டி!" என்று கீழேயிருந்து குரல்கள் வந்தன.

தலைவர் மைக்கை வாங்கினார். "இப்படிப்பட்ட நூல் ஏன் பரிசுக்கு உரியதன்று என்பதை, எல்லா நூல்களையும் படித்த ஒரே நடுவரான டாக்டர் விஜயசங்கர் விளக்குவார்!"

டாக்டர் எழுந்தார். முன்வரிசையில் யோகலட்சுமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெஸி பார்த்தாள். குழல்வாய்மொழி பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். தன் பல்லைப் பிடுங்கியவர் தன்னைக் கைவிட மாட்டார் என்ற நம்பிக்கை அந்த முகத்தில் இருந்தது. 'இந்தப் புத்தகத்துக்குத்தான் குடுத்திருக்கணும்.' ஒரே வரி. அது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கூடவே கண்முன்னால், தன் பாடல்கள் நூலாகி, தன் தோளில் பொன்னாடை விழுகிற காட்சியும் வந்தது.

"இந்த நூல்..." டாக்டர் தொண்டையைச் செருமினார். "சிரிப்பை வரவழைக்கிறது. அதிகமாகச் சிரிப்பது... பல்லுக்கு நல்லதல்ல. காற்றுப் பட்டுப் பட்டு... கூச்சம் வந்துவிடும். ஆகவே மருத்துவ ரீதியாக..."

அதற்குமேல் அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. அன்றைய விழாவிலேயே ஆகப்பெரிய சிரிப்பு அப்போதுதான் எழுந்தது. குழல்வாய்மொழி மட்டும் சிரிக்கவில்லை. டாக்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த மைக்குக்கு எட்டி, "இந்த விழாவுக்கு இன்னைக்கு லீவு" என்று சொல்லிவிட்டு, மேடையிலிருந்து குதித்தாள்.

பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. துண்டுகள் தோளில் ஏறின. வாசலை நோக்கி ஒரு வெள்ளம். ஆசிரியர்கள் "ஏலே! நில்லுங்கலே!" என்று பின்னால் ஓடினார்கள். சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிய விதத்தைப் பார்த்தால் தடுக்கப் போவதாகத் தெரியவில்லை. யோகலட்சுமி எழுந்து, "பிள்ளைங்க தனியாப் போகக் கூடாது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ஜெஸியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

விழா நிற்கவில்லை. பேரவை எதற்கும் அசராது. விருது நூலின் பெருமைகள் காலி நாற்காலிகளுக்கு முறைப்படி எடுத்துரைக்கப்பட்டன. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. அருவிப் பக்கமிருந்து பிள்ளைகளின் கூச்சல் வந்துகொண்டே இருந்தது. டாக்டர் தன் பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ஏனோ குளிர்ந்தது.

வீட்டுக்கு வந்த யோகலட்சுமி தலை துவட்டிக்கொண்டே, "உங்க கிளினிக்ல இனிமே யாரும் சிரிக்காமப் பாத்துக்கோங்க. மருத்துவ ரீதியா" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் ஜெஸிக்குப் போன் போட்டார். "உங்க புத்தகம் ரொம்ப நல்லாருக்கும்மா. என்ன ஒண்ணு... அதப் பிள்ளைங்கதான் படிக்கும்."

"பரவால்ல டாக்டர்" என்றாள் ஜெஸி. "அதுங்களுக்குத்தான் எழுதுனேன்."

அவர் போனை வைத்தார். பிறகு எழுந்து போய், பாட்டுத் தொகுப்புக்கு அட்டைப்படம் வரைய ஆள் பார்த்தார்.

பேரவையின் மீளாய்வுக் கூட்டத்தில் விழா மாபெரும் வெற்றி என்று பதிவு செய்யப்பட்டது. குறிப்பாகப் பிற்பகுதி மிகுந்த ஒழுங்கோடும் அமைதியோடும் நடந்ததை எல்லா உறுப்பினர்களும் பாராட்டினார்கள். அதன் காரணத்தை ஆராய்ந்து, இனிவரும் ஆண்டுகளில் சிறுவர் இலக்கிய விழாவுக்குச் சிறுவர்களை அழைப்பதில்லை என்ற தீர்மானத்தைத் தலைவர் கொண்டுவந்தார். சிறப்பு அழைப்பாளராக வந்திருந்த டாக்டர் விஜயசங்கர் அதை வழிமொழிந்தார். அடுத்த ஆண்டின் விருது நூலாக, இன்னும் அச்சேறாத அவருடைய தொகுப்பு, யாரும் படித்துவிடும் அபாயமின்றி, ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆகவே தென்காசி வட்டாரத்தில் சிறுவர் இலக்கியம் இன்று முன்னெப்போதையும்விடப் பாதுகாப்பாக இருக்கிறது. அதை எழுதுவதும் பெரியவர்கள், பாராட்டுவதும் பெரியவர்கள், பரிசு வாங்குவதும் பெரியவர்கள். இதற்குக் குறுக்கே இத்தனை காலம் நின்ற ஒரே தடை குழந்தைகள்தான். அவர்களையும் ஒருவழியாக வெளியேற்றியாகிவிட்டது.